மண்ணீரல் காயம்: உடனே அனுப்புவதா, மீண்டும் ஸ்கேன் எடுப்பதா?

ரேடியாலஜி, அறுவைச் சிகிச்சை நண்பர்களுக்கு வணக்கம். இரவுப் பணியில் இருக்கிறேன், விரைவாக உங்கள் யோசனை தேவை.

பைக்கிலிருந்து விழுந்த 22 வயது இளைஞர். ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே இடித்திருக்கிறது. நாடித்துடிப்பு 92, ரத்த அழுத்தம் 110/70. வெளியே தெரிவது ஒரு சிராய்ப்பு மட்டும்; அதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

சி.டி.யில் மண்ணீரல் கிழிசலுக்குள் கான்ட்ராஸ்ட் மருந்து (ரத்தக்குழாய்கள் படத்தில் தெளிவாகத் தெரியச் செலுத்துவது) ஒரு பொட்டுப்போலத் தேங்கியிருக்கிறது. எடுத்ததோ சிரைக் கட்டப் படம் (மருந்து சிரைகளை எட்டும் நேரத்தில் எடுப்பது) மட்டுமே. சில நிமிடங்கள் கழித்து எடுக்கும் தாமதக் கட்டமும் எடுத்திருந்தால், பொட்டு மங்கினால் சூடோஅனியூரிசம் (காயமடைந்த தமனியில் ரத்தம் தேங்கிய புடைப்பு), பரவினால் ரத்தக்கசிவு என்று பிரித்திருக்கலாம். எதுவானாலும் ஏ.ஏ.எஸ்.டி. (அமெரிக்கக் காய அறுவைச் சிகிச்சைச் சங்கம்) அளவுகோலின் 2018 திருத்தத்தின்படி, ஐந்து நிலைகளில் குறைந்தது 4-ஆம் நிலை.

எம்போலைசேஷன் (கசியும் ரத்தக்குழாயை உள்ளிருந்தே அடைப்பது) வசதி இங்கே இல்லை. இருக்கும் மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம். நிலைமை சீராக இருக்கும்போதே அனுப்பிவிடலாமா? தாமதக் கட்டத்துடன் மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதி செய்தபின் அனுப்பலாமா? வழியில் அழுத்தம் சரிந்துவிடுமோ என்பதே என் பயம். இங்கேயே வயிற்றைத் திறந்தால் பெரும்பாலும் மண்ணீரலையே எடுக்க நேரும். பிறகு தடுப்பூசிகள், ஆயுள் முழுவதும் தொற்று அபாயம். இந்த வயதில் அதைச் செய்ய மனம் வரவில்லை.

ரத்தம் தயாராக இருக்கிறது. அடையாளங்களை நீக்கிப் படங்களை இணைத்திருக்கிறேன். இப்படி ஒருவரை அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து உடனே எழுதுங்கள்.