அப்பா, அம்மாவைச் சாகடிக்காத அண்ணன் தங்கைப் படம் ஏதாவது உண்டா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். விடுமுறைக்கு அக்காவின் பிள்ளைகள் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அண்ணனுக்குப் பதினொரு வயது, தங்கைக்கு ஆறு. நாள் முழுக்க ரிமோட்டுக்குச் சண்டை. இருவரையும் சேர்த்து உட்கார வைக்க, உடன்பிறப்புப் பாசம் உள்ள அனிமேஷன் மாயாஜாலப் படம் தேடுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், இந்த வகைப் படங்களில் பெற்றோரை முதலிலேயே அனுப்பிவைத்துவிடுகிறார்கள். 'ஃப்ரோசன்' (2013) படத்தில் அப்பா, அம்மா இருவரும் கடலில் மூழ்கிவிடுகிறார்கள். 'ஆன்வர்டு' (2020) கதையே, இறந்துபோன அப்பாவை ஒரு நாளைக்கு மந்திரத்தால் வரவழைக்கும் அண்ணன் தம்பியைப் பற்றியது. அதிலும் முதலில் கால்கள் மட்டும்தான் வருகின்றன! நல்ல படம்தான். ஆனால் இவர்களின் அப்பா துபாயில் வேலை பார்க்கிறார். சின்னவள் இரவில் அவரைக் கேட்டு அழுகிறாள். இப்போது இது வேண்டாம். மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) ஓரளவு தேறும். அம்மா மருத்துவமனையில் இருந்தாலும் பிழைத்துக்கொள்கிறார்.

தமிழில் குரல் கொடுத்த படமாக இருந்தால் மிகவும் நல்லது. பாட்டியும் கூட உட்காருவார், சின்னவளுக்கும் வசன வரிகளைப் படிக்க வராது. 'ஃப்ரோசன் 2' தமிழில் சுருதி ஹாசன் குரலோடு வந்ததுபோல வேறு எவை இருக்கின்றன? எந்தத் தளத்தில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் தெரிந்தால் உதவியாக இருக்கும்.