டொரன்டோ குளிரில் சுருட்டை முடி: எண்ணெய் வைத்தும் வறண்டு பறக்கிறது

சுருள்வில்

தோள் வரை நீளம், 3பி வகைச் சுருள் (திருகுபோல நெருக்கமாகச் சுருளும் முடி). இழை மெல்லிசு, அடர்த்தி அதிகம். கோவையில் ஒத்துவந்த வழக்கம் இங்கே டொரன்டோவின் ஸ்கார்பரோவில் நவம்பருக்குப் பிறகு எடுபடவில்லை.

இப்போது செய்வது: வாரம் இருமுறை சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, கண்டிஷனர், துண்டால் துவட்டியபின் கற்றாழை ஜெல், காய்ந்ததும் தேங்காய் எண்ணெய். நுனி சொரசொரவென்று இருக்கிறது. மதியத்துக்குள் சுருள் பிரிந்து பஞ்சாகிவிடுகிறது. தொப்பியைக் கழற்றினால் மேலடுக்கு மொத்தமும் எழுந்து நிற்கிறது. உச்சந்தலையில் வெள்ளைச் செதில் வேறு.

எண்ணெயைக் கூட்டவா? ஈரத்தை இழுக்கும் கிளிசரின் உள்ளதை எல்லாம் ஒதுக்கவா? டிஃப்யூசர் (ஹேர் டிரையர் முனையில் மாட்டும் கிண்ணம்) வாங்கலாமா, சூடு கெடுக்குமா?

ஈரப்பதம்40

எண்ணெயைக் கூட்டாதீர்கள். எண்ணெய் ஈரம் தராது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். காய்ந்த முடிமேல் தடவினால் காப்பாற்ற அங்கே ஈரமே இல்லை. சுருள் வளைவுகளைத் தாண்டி உச்சந்தலை எண்ணெயும் நுனிவரை இறங்குவதில்லை, அதனால்தான் நுனி முதலில் அடிவாங்குகிறது.

பிரச்சினை வெளிக்குளிரைவிட வீட்டுக்குள்தான் அதிகம். வெளியே மைனஸ் 10 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வானிலைச் செயலி காட்டும். அதே காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால் ஈரப்பதம் கணக்குப்படி 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்துதான் அதைக் கொஞ்சம் தூக்கி நிறுத்துகின்றன. ஈரப்பதத்தை அளக்கும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்கிப் படுக்கையறையில் வையுங்கள். 25க்குக் கீழே காட்டினால் எந்த கிரீமாலும் பெரிய மாற்றம் வராது. ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வைத்து 35 - 40க்குக் கொண்டுவாருங்கள். மைனஸ் 20க்கு இறங்கும் நாட்களில் ஈரப்பதத்தை 30க்கு மேல் ஏற்ற வேண்டாம். ஜன்னல் கண்ணாடியில் நீர் கோத்து, சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும்.

தேங்காய் எண்ணெயைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, இடத்தை மாற்றுங்கள். 2003இல் மேரிக்கோ நிறுவன ஆய்வாளர்கள் ரேலேயும் மோஹிலேயும் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் இழைக்குள் புகுகிறது. (எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுதான், ஆனாலும் காரணம் பொருந்துகிறது.) ஆகவே அதைக் குளிப்பதற்கு முன் வையுங்கள்: ஒன்றிரண்டு டீஸ்பூன், காதுக்குக் கீழே மட்டும், குறைந்தது அரைமணி. 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது. குளிர்ந்த வீட்டில் திட்டுத்திட்டாகப் படியும், உள்ளங்கையில் உருக்கிவிட்டுத் தடவுங்கள். கடைசியில் ஈரத்தைப் பூட்டுவதற்கு பாதாம் அல்லது ஜோஜோபா 3 சொட்டு போதும். விளக்கெண்ணெய் உங்கள் மெல்லிய இழைக்குப் பாரம்.

வன்னிச்சுருள்

எண்ணெய் விஷயம் மேலை சொன்னபடிதான். நான் முழுகுற முறையைச் சொல்லுறன், ஏனெண்டால் பிழை பெரும்பாலும் அங்கைதான்.

துண்டால் துவட்டினபிறகு ஜெல் பூசுறீங்கள் எல்லோ, அதை நிப்பாட்டுங்கோ. தண்ணி சொட்டச் சொட்டப் பூச வேணும். ஈரத்திலை இழைகள் தானாச் சேர்ந்து கற்றையாகும். துவட்டினால் அந்தக் கற்றை உடைஞ்சுபோம், பிறகு எதைப் பூசினாலும் பஞ்சுதான்.

கிழமைக்கு ஒருக்கா ஷாம்பு காணும். இரண்டு டீஸ்பூனை அரைக் கப் தண்ணியிலை கரைச்சு உச்சந்தலைக்கு மட்டும். தண்ணி இளஞ்சூடு, கொதி தண்ணி வேண்டாம். உங்கடை அடர்த்திக்குக் கண்டிஷனர் 3 தொடக்கம் 4 மேசைக்கரண்டி வேணும், கஞ்சத்தனம் பாக்காதேங்கோ. முடியை நாலாப் பிரிச்சு, விரலாலை நுனியிலை இருந்து மேலை மேலை சிடுக்கெடுத்து, பிறகுதான் அகலப்பல் சீப்பு. அஞ்சு நிமிசம் விட்டு, வழுவழுப்பு கொஞ்சம் மிஞ்சுற அளவுக்கு அலசுங்கோ. மாசம் இரண்டு தரம் டீப் கண்டிஷனர் போட்டு ஷவர் கேப்போடை 20 - 30 நிமிசம். இரவு முழுக்க விடுறதிலை ஒரு லாபமும் இல்லை. முடி ஊறி ஊறித் தொய்ஞ்சுபோம்.

பிறகு குனிஞ்சபடி லீவ்-இன் (அலசாமல் விடுற கண்டிஷனர்) ஒரு மேசைக்கரண்டி. கேர்ல் கிரீம் (சுருளுக்குப் பூசுற கிரீம்) நுனிக்கு மட்டும் ஒரு டீஸ்பூன். ஜெல் ஒண்டரை மேசைக்கரண்டி: முதல் இரண்டு உள்ளங்கைக்கு நடுவிலை முடியை வைச்சு மேலையிருந்து கீழை நீவுங்கோ, பிறகு கீழையிருந்து மேலை கசக்கிப் பிடியுங்கோ. சளக் சளக் எண்டு சத்தம் வந்தால் தண்ணி அளவு சரி. அதுக்குப் பிறகு பழைய பருத்தி டீசேட்டாலை ஒத்தி எடுங்கோ, தேய்க்காமல்.

டிஃப்யூசர் வாங்குங்கோ. குறைஞ்ச சூடு, குறைஞ்ச வேகம். முதல் கொஞ்ச நேரம் முடியிலை முட்டாமல் தள்ளிப் பிடியுங்கோ. ஜெல் மேலாலை ஒரு ஓடு மாதிரி இறுகட்டும். பிறகு கற்றையைக் கிண்ணத்துக்கை ஏந்தி வேர் வரைக்கும் கொண்டுபோய் ஒரு நிமிசம் அசைக்காமல். முடி முழுக்கக் காயும்வரைக்கும் கையாலை தொடாதேங்கோ. காய்ஞ்ச பிறகு அந்த ஓட்டைக் கசக்கி உடைக்கேக்கைதான் எண்ணெய் 3 சொட்டு. மதியம் பஞ்சாகிறதுக்கு அனேகமாக உள்ளடுக்கு காயமுன்னமே தொட்டதுதான் காரணம்.

ஈரத்தோடை வெளியிலை போகவே வேண்டாம். முடிக்குள்ளை தண்ணி உறைஞ்சு விறைச்சு நிக்கேக்கை தொப்பியோ கோட்டுக் கழுத்தோ வளைச்சால் இழை முறியும். தொப்பிக்கு உள்ளுக்கை சாட்டின் துணி தைச்சது பாருங்கோ, இல்லாட்டில் சாட்டின் ஸ்காஃப் கட்டி அதுக்கு மேலை போடுங்கோ. கம்பளியும் அக்ரிலிக்கும் உரசி மின்னேத்திறதாலைதான் முடி எழும்புது. பிடரிப் பக்கம் கம்பளி மப்ளர் உரசுற இடத்திலை சடை பிடிக்கும், அதையும் கவனியுங்கோ.

கூந்தல்கணக்கு

கிழமைக்கு ஒருமுறை என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. செதில் இருக்கிறதே.

முதலில் அது எந்தச் செதில் என்று பாருங்கள். பொடியாக உதிர்ந்து, அரிப்பில்லாமல், முடி இழைமேலேயே ஒட்டியிருந்தால் ஜெல்லும் லீவ்-இன்னும் ஒத்துப்போகாமல் திரிந்தது. பூசுவதற்கு முன் இரண்டையும் ஒரு சொட்டு உள்ளங்கையில் குழைத்துப் பாருங்கள்; தயிர்போலத் திரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, அரிப்போடு இருந்தால் பொடுகு. அதற்குக் காரணமான மலசீசியா பூஞ்சை எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைத் தின்று வளர்வது. உச்சந்தலையில் தேங்காய் எண்ணெய் வைப்பது அதற்குத் தீனி. பூஞ்சையைக் கொல்லும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாரம் இருமுறை, 3 - 5 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு முதல் நான்கு வாரம். அது முடியை வறட்டும். எனவே ஷாம்புவுக்கு முன்பே நீளத்தில் கண்டிஷனரைப் பூசி மூடிவிடுங்கள். அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கிளிசரின்: 'குளிரில் அது முடியின் ஈரத்தையே உறிஞ்சிவிடும்' என்பது சொல்லிச் சொல்லி ஊதிப்போன பயம். காய்ந்த காற்றில் அதற்கு இழுக்க ஈரம் கிடைக்காது, பயன் குறையும், அளவு மிஞ்சினால் பிசுக்கும் விறைப்பும் வரும். கழுவிவிடும் கண்டிஷனரில் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம். பூசி விட்டுவிடும் பொருளில், உட்பொருள் பட்டியலின் முதல் ஐந்துக்குள் இருந்தால் மாற்றுங்கள். கடைக் கற்றாழை ஜெல் பலவற்றில் நிலைமை இதுதான். சுருளைப் பிடித்து நிறுத்தும் வலுவும் அதற்கு இல்லை. பிவிபி அல்லது பாலிக்வாட்டர்னியம்-11 சேர்ந்த ஜெல் தேடுங்கள், அவைதான் படலம் கட்டுபவை.

இன்னொன்று, வறட்சி என்று தோன்றுவதெல்லாம் வறட்சியல்ல. ஈரமான ஒற்றை இழையை மெல்ல இழுங்கள். ரப்பர்போல நீண்டுகொண்டே போய் அறுந்தால் புரதம் குறைவு. நீளாமலே பட்டென்று அறுந்தால் ஈரம் குறைவு, அல்லது புரதம் மிகுதி. இரண்டாவதென்றால் அரிசி கழுவிய தண்ணீர், கெரட்டின் மாஸ்க் எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்துங்கள். சீயக்காய்ப் பொடி சுருளுக்குள் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு, குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம். டொரன்டோவுக்கு வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர், மிதமான கடினத்தன்மை. மாதம் ஒருமுறை ஈடிடிஏ உள்ள கிலேட்டிங் ஷாம்பு (கடின நீரின் உப்புப் படிவை நீக்குவது) போதும்.

சுருள்வில்

அரிப்பு இருக்கிறது, அப்படியானால் பொடுகுதான். இரண்டாம் நாள் காலையில் மறுபடி நனைக்கவா? ஆளிவிதை ஜெல் வீட்டிலேயே செய்தால் இந்தக் குளிருக்கு ஆகுமா?

வன்னிச்சுருள்

முழுக்க நனைக்காதேங்கோ. இரவு உச்சியிலை தளர்வாக் குடுமி போட்டு, இறுக்காத துணி ரப்பரும் சாட்டின் தலையணை உறையும். விடிய 200 மில்லி தண்ணியிலை ஒரு டீஸ்பூன் கண்டிஷனர் கலந்து, கலைஞ்ச கற்றைக்கு மட்டும் தெளிச்சு விரலிலை சுத்தி விடுங்கோ. அதுவும் காய்ஞ்ச பிறகுதான் வெளிக்கிடுறது. மிச்சத்தை அண்டைக்கே ஊத்திவிடுங்கோ, வைச்சால் பழுதாகும்.

கூந்தல்கணக்கு

ஆளிவிதை ஆகும், ஆனால் பிடிமானம் நடுத்தரம்தான். மேலே சொன்ன ஜெல்லுக்குக் கீழடுக்காகப் போடுங்கள். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர், மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியிலிருந்து முட்டை வெள்ளைக்கரு போல இழையிழையாக வழிந்ததும் இறக்கி, சூடாக இருக்கும்போதே வடிகட்டுங்கள். ஆறவிட்டால் விதையோடு இறுகிக்கொள்ளும், அப்புறம் பிழிந்தாலும் வராது. வலையைவிட பழைய நைலான் காலுறையில் சுலபமாக இறங்கும். பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லாததால் குளிர்பெட்டியில் ஒரு வாரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, முதல்நாள் இரவே தேவையான கட்டிகளைக் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். புளித்த வாடை வந்தாலோ தண்ணீராகப் பிரிந்தாலோ கொட்டிவிடுங்கள், பொடுகுள்ள தலைக்கு அந்தச் சோதனை வேண்டாம்.