டாக்டர் நம்ம கேஸுக்காக விசிட்டுக்கு வெளியே செலவழிக்கிற நேரம்: உங்க அனுபவம்?

மூத்தமகள்:
அம்மாவுக்கு சர்க்கரை, கிட்னி, ஹார்ட் மூணும். இன்சூரன்ஸ் மெடிகேர், அமெரிக்காவுல வயசானவங்களுக்கு அரசு தர்றது. ஹார்ட் டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டினார், கிட்னி டாக்டர் குறைச்சார். ராத்திரி ப்ரைமரி டாக்டரே (வழக்கமா பார்க்கிற பொது டாக்டர்) போன்ல கூப்பிட்டாங்க. ரெண்டு பேர்கிட்டயும் பேசி ஒரு டோஸ் முடிவு பண்ணிட்டாங்களாம். போன்ல பின்னாடி அந்த டாக்டரோட குழந்தை சாப்பிட மாட்டேன்னு அழுதுட்டு இருந்துச்சு. பில்லுல பகல் விசிட் மட்டும்தான். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுத்தா?

பில்லிங்_பக்கம்:
வழியே இல்லைங்கிற மாதிரி சொல்லாதீங்க. விசிட்டுக்கு வெளியே பார்க்கிற வேலைக்குன்னு 2015-லேர்ந்து 99490-ங்கிற பில்லிங் கோடு இருக்கு. நாள்பட்ட நோய் ரெண்டு இருந்து, மாசத்துல 20 நிமிஷம் ஸ்டாஃப் அந்த வேலையைப் பார்த்தா மெடிகேர் தரும். டாக்டரே 30 நிமிஷம் அந்த வேலையைப் பார்த்தா 99491-ங்கிற கோடு. நோயாளி சம்மதம் ஃபைல்ல இருக்கணும், 20% நோயாளி பங்கு. அதனால அடுத்த விசிட்ல நீங்களே கேளுங்க, சம்மதம் கொடுங்க, மருந்து லிஸ்டைக் கையோட கொண்டு போங்க, எல்லா ஸ்பெஷலிஸ்ட் நம்பரும் எழுதிக் கொடுங்க. எங்ககிட்ட ஒரு பாட்டி, "டாக்டரைப் பார்க்காத மாசத்துக்கு எதுக்கு பில்?"னு கேட்டு நிறுத்திட்டாங்க. இன்னும் மனசுல உறுத்துது.

கிளினிக்_டாக்டர்:
கோடு இருப்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்தாக வேண்டும். 19 நிமிடம் ஆனால் ஒன்றும் கிடையாது, அடுத்த மாதத்துக்கும் சேராது. 2021 முதல் விசிட் நாளில் ஃபைல் படிக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்கலாம். முந்தைய இரவு படித்தால் அந்த விசிட்டில் சேராது. நான் இரவில்தான் படிக்கிறேன்.

தலைசுற்றல் என்று வந்த ஒருவர் மருந்துப் பையை மேசையில் கொட்டினார். ஒரு புட்டியில் லாசிக்ஸ், இன்னொன்றில் ஃபுரோசிமைடு. இரண்டும் ஒரே மருந்து. இரண்டையும் தினமும் விழுங்கியிருக்கிறார். நான் புதிதாக எதையும் எழுதவில்லை, ஒன்றை நிறுத்தினேன், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கப் பொறுமையாக உட்கார வேண்டியிருந்தது. ஒரு சின்ன ப்ரொசீஜர் செய்திருந்தால் அதே நேரத்துக்கு இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். இது நியாயமே இல்லை.

மூத்தமகள்:
அம்மாவுக்குத் துணை இன்சூரன்ஸ் இல்லை, அந்த 20% எங்க கைக்காசு. பரவாயில்லை, கொடுக்கிறோம். ஆனா ஹார்ட் டாக்டர் ஆபீஸ்லயும் இதே சம்மத ஃபார்மை நீட்டுறாங்களே?

பில்லிங்_பக்கம்:
ஒரு மாசத்துக்கு ஒருத்தர்தான் பில் போட முடியும். ப்ரைமரிக்கே கொடுங்க. வேண்டாம்னா எப்ப வேணா சொல்லலாம், அந்த மாசக் கடைசியோட நின்னுடும்.