நிட்டினால் கம்பி: டிஎஸ்சியா, மின்தடையா?

சூரமங்கலம்_பட்டறை:
0.5 மி.மீ. நிட்டினால் (வளைச்சாலும் சூடேத்தினா பழைய வடிவத்துக்குத் திரும்பற நிக்கல்-டைட்டானியம் கலவை) கம்பி. வித்தவர் சொன்ன ஏஎஃப் (சூடேறும்போது ஆஸ்டெனைட்டா, அதாவது சூட்டில் நிலைக்கற படிக அமைப்பா, மாறி முடியற வெப்பநிலை) 60 டிகிரி. டிஎஸ்சி (சூடேத்திக்கிட்டே மாதிரி உறிஞ்சற வெப்பத்தை அளக்கற சோதனை) அறிக்கை 72 காட்டுது. வளைச்சு வெந்நீரில் விட்டா 61-லேயே நிமிர்ந்துடுது. எதை நம்பறது?

ஐந்துரோடு_ஆய்வகம்:
ரெண்டையும். அறிக்கையில் "850 டிகிரி, 30 நிமிடம்"னு ஒரு வரி இருக்கும், பாருங்க. எஃப் 2004னு நிட்டினால் டிஎஸ்சிக்கான தரமுறையில் மாதிரியை வெற்றிடத்தில் அனீல் பண்ணிட்டுத்தான் (சூடாக்கி உள் இறுக்கத்தைப் போக்கிட்டுத்தான்) ஓட்டுவாங்க. கம்பி இழுக்கும்போது சேர்ந்த டிஸ்லொகேஷன்கள் (படிக அடுக்கில் வர்ற பிசகுகள்) மாற்றத்தைக் கீழே பிடிச்சு வெச்சிருந்துச்சு. அனீலில் அது போனதும் 72. நிக்கல் கூடுதலான கலவைன்னா தலைகீழாவும் வரும். கலவையை ஒப்பிடணும்னா டிஎஸ்சிதான்.

ஏற்காடு_கொண்டைஊசி:
அவர் மாட்டப்போறது கலவையை இல்லீங்க, கம்பியை. நாலு முனை மின்தடை (ரெண்டு முனையில் மின்னோட்டம் விட்டு, வேற ரெண்டில் மின்னழுத்தம் பார்க்கறது) போதும். 10 செ.மீ. நீளத்துக்கு சுமார் 0.4 ஓம், 100 மில்லிஆம்ப் விட்டா 40 மில்லிவோல்ட் கிடைக்கும். 1 ஆம்ப் விட்டீங்கன்னா கம்பி தானே சூடாகி எண்ணே பொய்யாயிடும். சால்டர் ஒட்டாது, டைட்டானியம் ஆக்சைடு விடாது, கிரிம்ப் பண்ணுங்க (நசுக்கி இணைங்க). குளிரும்போது ஆர்-கட்டம் (நடுவில் வர்ற இடைநிலை அமைப்பு) வந்தா மின்தடை ஏறும், மார்டென்சைட் (குளிரில் நிலைக்கற அமைப்பு) தொடங்கினதும் இறங்கும்.

ஐந்துரோடு_ஆய்வகம்:
கம்பி நேரா நிக்கணும்னு அரைக் கிலோ தொங்கவிட்டா 25 மெகாபாஸ்கல். அதுவே 3, 4 டிகிரி மேலே தள்ளிடும். அப்புறம் உங்க மலையில் தண்ணி 95-லேயே கொதிக்கும். அதை 100னு வெச்சு தெர்மோகப்பிளை (வெப்பநிலை உணரியை) சரிபார்த்தா எல்லா எண்ணும் 5 கூடும்.

ஏற்காடு_கொண்டைஊசி:
அதுக்குத்தான் ஐஸ் தண்ணியில் 0 பார்க்கறது. உயரம் அதைத் தொடாது. எடை வேணாம், தளர்வா விடுங்க. உங்க டிஎஸ்சிக்கு 3 மி.மீ. துண்டு எட்டு போட்டாத்தான் 30 மி.கி. தேறும். கட்டிங் பிளையரில் நறுக்கினா முனை நசுங்கி முதல் சூடேற்றத்தில் டிஎஸ்சி வரைகோடு பிசகும்.

ஐந்துரோடு_ஆய்வகம்:
அதனால மெதுவா ஓடற வைர வட்டு, தண்ணி விட்டு. முதல் சுற்றைத் தள்ளிட்டு ரெண்டாவதை எடுக்கணும், நிமிடத்துக்கு 10 டிகிரி. எடை பார்க்க செவ்வாய்ப்பேட்டை வெள்ளித் தராசே போதும், 1 மி.கி. பிசகினா வெப்ப அளவுதான் மாறும், வெப்பநிலை மாறாது.

சூரமங்கலம்_பட்டறை:
அனீல் பண்ணாத துண்டையே ஓட்டச் சொல்லலாமா?

ஐந்துரோடு_ஆய்வகம்:
சொல்லலாம். ஆனா வரைகோட்டில் முகடு தட்டையா பரவி, ஏஎஃப் எடுக்கப் போடற தொடுகோட்டை எங்கே போட்டாலும் பொருந்தற மாதிரி இருக்கும்.

ஏற்காடு_கொண்டைஊசி:
இதைத்தாங்க நானும் சொல்றேன். 20 மி.மீ. உருளையில் சுத்தினா 2.4 சதவீதத் திரிபு (வெளிப்பக்கம் நீளற அளவு). நிமிடத்துக்கு 4 டிகிரிக்கு மேல் ஏத்தாம, தண்ணியைக் கலக்கிட்டே நிமிர்வைப் பாருங்க.