57 நாளா? சும்மா அளக்காதீங்க சார்

கெடிலத்தான்: நேத்து சிவனடியான் எழுதியிருந்தாரே, "சாவ தேர்ந்தெடுக்கிற உரிமைல்லாம் வெள்ளக்காரன் சரக்கு, நம்ம மண்ணுல அப்படி ஒரு பழக்கமே கெடையாது"ன்னு. படிச்சதுலேர்ந்து எரிச்சலா இருக்கு. செஞ்சி பக்கத்துல திருநாதர்குன்று போயிருக்கீங்களா சார்? பாறையில சமணங்க கும்புடுற 24 தீர்த்தங்கரர செதுக்கி வச்சிருக்கான், அங்கயே சந்திரநந்தி ஆசிரியர்னு ஒரு சமண குரு 57 நாள் உண்ணாம இருந்து உயிர விட்டாருன்னு கல்வெட்டு இருக்கு. கோப்பெருஞ்சோழன் வடக்க பாத்து ஒக்காந்து உண்ணாம உயிர விட்டான், வடக்கிருத்தல்னு அதுக்கு பேரு, பின்னாடியே பிசிராந்தையார். இவங்கள்லாம் லண்டன்ல போயி கத்துக்கிட்டு வந்தாங்களா?

சிவனடியான்: 57 நாளா? எங்க அம்மாவுக்கு கந்தசஷ்டி விரதத்துல ஆறாம் நாளே கண்ண கட்டுது. அவங்க குருவ பத்தி அவங்க ஆளுங்க வெட்டுனது, கொறச்சாவா வெட்டுவான்?

கெடிலத்தான்: அப்போ சங்கரலிங்கனார்? 1956ல தமிழ்நாடுன்னு பேர் வைக்கச்சொல்லி 76 நாள். அயர்லாந்துக்காரன் பாபி சாண்ட்ஸ் 1981ல ஜெயில்லயே 66 நாள். இதுல 57க்கு என்ன கொறச்சல்?

சிவனடியான்: அவங்க கோரிக்கை வச்சாங்க, நெறவேத்தியிருந்தா சாப்ட்டிருப்பாங்க. அது போராட்டம். 1996லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு, வாழ்ற உரிமையில சாவுற உரிமை அடங்காதுன்னு. அத விடுங்க, 57 நாள் தண்ணி குடிச்சாரா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க.

வார்டுசிஸ்டர்: அண்ணே, ரெண்டு பேரும் எதையெதையோ போட்டு கொழப்புறீங்க. ஊசி போட்டு சாவடிக்கிறது இன்னைக்கும் குத்தம்தான். பொழைக்க வழியில்லன்னு ஆனப்புறம் வெண்டிலேட்டர எடுக்கிறதுக்குதான் 2018ல சுப்ரீம் கோர்ட்டு ஒத்துக்கிச்சு. எனக்கு இப்படி ஆனா மெஷின் வேணாம்னு தெளிவா இருக்கும்போதே எழுதி வைக்கலாம், மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேணும்னு இருந்தத 2023ல மாத்தி நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ போதும்னுட்டாங்க, அப்பவும் ரெண்டு டாக்டருங்க போர்டு தனித்தனியா பாக்கணும். அருணா ஷான்பாக்னு ஒரு நர்சு 1973லேர்ந்து 2015 வரைக்கும் பம்பாய் ஆஸ்பத்திரியில சுயநெனவில்லாம அப்படியே கெடந்தாங்க, கூட வேல பாத்த நர்சுங்கதான் விடமாட்டோம்னு பாத்துக்கிட்டாங்க. அத பத்தி பேசுங்களேன்.

கெடிலத்தான்: சிஸ்டர் இருங்க, இவர முடிச்சிட்டு வரேன். தண்ணிய பத்தி கல்வெட்டுல இல்ல சார், 57ன்னு இருக்கு, போய் பாருங்க.

வெள்ளைநகரம்: பிரான்சுல 2025 மே மாசமே, தீராத நோயாளி கேட்டா சாவுறதுக்கு ஒதவலாம்னு சட்டம் கொண்டாந்து கீழ்சபையில பாஸ் பண்ணிட்டாங்க, நீங்க இன்னும் பாறைய சொரண்டிக்கிட்டு இருக்கீங்க. பாண்டியில எங்க குடும்பத்துல பிரெஞ்சு ஓட்டு இருக்கு, எங்களுக்கு இது நாளைக்கு நிஜமா வரப்போற விஷயம்.

கெடிலத்தான்: வந்துட்டாருய்யா பாஸ்போர்ட்ட தூக்கிக்கிட்டு. கேட்டமா ஒங்கள?

வெள்ளைநகரம்: கடலூர்க்காரனுக்கு சனி ஞாயிறுன்னா மட்டும் பாண்டி வேணும்.

சிவனடியான்: பேச்ச மாத்தாதீங்க கெடிலம். அந்த சமணம் சரியில்லன்னுதான் அப்பரே நம்ம திருப்பாதிரிப்புலியூர் மடத்த விட்டு திருவதிகைக்கு ஓடியாந்தாரு.

கெடிலத்தான்: சூலை நோவு தாங்காம வந்தாரு சார், அக்கா கிட்ட. ஆமா, கல்ல கட்டி கடல்ல போட்டு அவரு மிதந்து வந்து ஏறுன எடம்னு கரையேறவிட்டகுப்பத்துல வருஷாவருஷம் கும்புடுறீங்களே, அது நடக்கும், ஒரு மனுசன் 57 நாள் சாப்புடாம இருக்கிறது மட்டும் நடக்காதா?

சிவனடியான்: சாமிய இழுக்காத. மருவாதியா பேசிக்கிட்டு இருக்கேன். நாளைக்கு சொத்துக்காக பெத்தவங்களுக்கு கஞ்சி ஊத்தாம வுட்டுட்டு "அவங்களே விரதம் இருந்தாங்க"ன்னு ஒருத்தன் சொல்லுவான், அதுக்கு ஒன் சந்திரநந்தி வந்து சாட்சி சொல்லுவாரா?

வார்டுசிஸ்டர்: அதுக்குதான அண்ணே போர்டே வச்சிருக்காங்க…

கெடிலத்தான்: என்னா ஒருமையில எறங்கிட்ட? சமணங்க உண்ணாம உயிர விடுற இந்த விரதத்துக்கு பேரு சல்லேகனை, ராஜஸ்தான் ஐகோர்ட்டு 2015ல அத தற்கொலைன்னு சொன்னதுக்கு அதே மாசம் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டுச்சு, அதாச்சும் தெரியுமா? வர்ற ஞாயித்துக்கெழம செஞ்சிக்கு வா, பஸ் செலவு என்னுது, வெரல வச்சி எண்ணி காட்டுறேன்.

சிவனடியான்: ஒன் செலவா? போன தடவ சில்வர் பீச்சுல எல்லாரும் கூடுனப்போ டீ பஜ்ஜி காசு யாரு குடுத்தது, அத இங்க எழுது மொதல்ல.