மறு: கட்டபாட்டிக் காற்றுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். குளிர்ந்து கனத்த காற்று தன் எடையாலேயே சரிவில் இறங்குவதைக் கட்டபாட்டிக் (katabatic) காற்று என்பார்கள். அதற்கு 'வடிகாற்று' என்று நான் பரிந்துரைத்ததற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'இறங்குகாற்று' போதுமே ஐயா. கேட்டவுடன் புரிகிறது.

புரிகிறதுதான். ஆனால் ஆல்ப்ஸில் வீசும் ஃபோன் (foehn) காற்றும் மலையிலிருந்துதானே இறங்குகிறது? அது இறங்க இறங்க அமுங்கிச் சூடேறி, அடிவாரத்துப் பனியையே கரைத்துவிடும். கட்டபாட்டிக் காற்றின் கதை வேறு. பனிப்பரப்பை ஒட்டிக் கிடக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, தன் எடையாலேயே சரிவில் வழிகிறது. வழியில் கொஞ்சம் சூடேறினாலும் கரைக்கு வரும்போது குளிராகத்தான் இருக்கும். காரணம் சொல்லிலேயே தெரிய வேண்டும் என்றுதான் 'வடிகாற்று' என்றேன்.

> பழந்தமிழில் 'வாடை' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வாடை, கொண்டல், கோடை, தென்றல் எல்லாம் திசைப் பெயர்கள் அம்மா. அந்தக் கணக்கில் போனால் சிசில் மாடிகனை அடித்துப் புரட்டிய காற்றுக்குத் தென்றல் என்று பெயர் வைக்க வேண்டிவரும்! அண்டார்க்டிகாவின் டெனிசன் முனையில் பனிமேடு தெற்கே இருக்கிறது, காற்றும் அங்கிருந்துதான்.

மாடிகன், டக்ளஸ் மாசன் தலைமையில் 1911-இல் அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பிய ஆஸ்திரேலிய ஆய்வுக் குழுவின் வானிலையாளர். 22 வயது. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கக் கிடைத்த ரோட்ஸ் உதவித்தொகையைத் தள்ளிவைத்துவிட்டு வந்தவர். காற்றின் வேகத்தைப் பதியும் காற்றுமானி, அவர்கள் தங்கிய குடிசையருகே இல்லை, மேட்டின்மேல் இருந்தது. பதிவுத்தாளை மாற்ற அங்கே போயாக வேண்டும். காலணியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு, காற்றின்மேல் சாய்ந்தபடி நடப்பார்கள்; அதுவும் முடியாதபோது தவழ்வார்கள். பனித்தூள் முகத்தில் அப்பி, தாடியோடு உறைந்து முகமூடியாகிவிடும். உள்ளே வந்து அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும். அவர்கள் கணக்கில் முதல் ஆண்டின் சராசரி வேகமே மணிக்கு ஏறக்குறைய 80 கி.மீ. 1912 மே 15 அன்று 24 மணி நேரச் சராசரி 145 கி.மீ.!

> 'வடிதல்' என்றால் மெதுவாக என்ற பொருள் வருகிறதே?

நியாயமான கேள்வி. ஆனால் வேகம் இடத்துக்கு இடம் மாறும். உதகைப் பக்கம் மார்கழி இரவில் குளிர்காற்று பள்ளத்துப் புல்வெளிக்கு ஓசையில்லாமல் இறங்கித் தேங்கி உறைபனி படிய வைக்கிறதே, அதுவும் இதே காற்றுதான். இரண்டுக்கும் பொருந்த வேண்டாமா?

இன்னொரு வசதியும் உண்டு. டெனிசன் முனையில் சில நேரம் குடிசையருகே காற்று சட்டென்று நின்றுவிடும். மேலே சரிவில் மட்டும் இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். 1951-இல் அதே கரையில், மேற்கே போர்ட் மார்ட்டினில் தங்கிய வானிலையாளர் ஃபிரிட்ஸ் லோவே இதை ஆராய்ந்தார். (1930-இல், கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வேகனருடன் கிரீன்லாந்தின் நடுவே போய், உறைந்துபோன கால்விரல்களைப் பேனாக்கத்தியால் வெட்டியெடுக்கக் கொடுத்தவர். வானிலை வேலையை அப்புறமும் விடவில்லை.) கலிங்கில் வழியும் நீர் கீழே வந்ததும் குப்பென்று எழும்பி நுரைத்து வேகம் குறைகிறதல்லவா, நீர்த்தாவல் (hydraulic jump) என்பார்கள், அதே இயற்பியல். நீரோடு பழகிய 'வடி' இங்கே கைகொடுக்கிறது: 'வடிகாற்றுத் தாவல்' என்று எழுதலாம். 'இறங்குகாற்றுத் தாவல்' என்றால் தாவுவது இறங்குவதா ஏறுவதா என்று குழப்பம்தான்.

இதற்கு எதிராகச் சரிவில் மேலேறும் அனபாட்டிக் (anabatic) காற்றுக்கு 'ஏறுகாற்று' என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை என்று நினைக்கிறேன். 'இழிகாற்று' என்ற மூன்றாவது பரிந்துரை இலக்கணப்படி சரி. ஆனால் பள்ளிப் பாடத்தில் வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், விட்டுவிடலாம்.