உபுண்டுல ஹெட்ஃபோன் சொருகுனா சத்தமே வரமாட்டேங்குதுங்க, யாராச்சும் சொல்லுங்க

தென்னந்தோப்பு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க கொழிஞ்சாம்பாறை பக்கம், பையன் பத்தாவது தமிழ் மீடியம். வீட்ல ஒரு பழைய அசெம்பிள் கம்ப்யூட்டர் இருக்குதுங்க, அதுல விண்டோஸ் 10 இருக்கு, ஐடி பரீட்சைக்கு பழகோணும்னு கேரளா ஸ்கூலுக்கெல்லாம் கைட் (அரசாங்கத்தோட கல்வி ஐடி நிறுவனம்) குடுக்கற உபுண்டுவும் (22.04) கூடவே போட்டு வெச்சிருக்கு. உபுண்டுல பின்னாடி இருக்கற ஸ்பீக்கர்ல சத்தம் ஜம்முனு வருது, ஆனா முன்னாடி ஹெட்ஃபோன சொருகுனா ஸ்பீக்கரும் நின்னு போயிருது ஹெட்ஃபோன்லயும் ஒண்ணும் வரமாட்டேங்குது. விக்டர்ஸ் கல்வி சேனல்ல வந்த தமிழ் கிளாசெல்லாம் யூடியூப்ல போட்டு ராத்திரிலதான் பாக்கறான், ஸ்பீக்கர்ல வெச்சா என்ற மாமியாருக்கு ஆகாது. ஹெட்ஃபோன் மொபைல்ல நல்லாத்தான் பாடுது. என்ன பண்றதுங்க?

பொள்ளாச்சிப்பையன்:
அக்கா கீழ டாஸ்க்பார்ல ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் பண்ணி சவுண்ட் செட்டிங்ஸ் போங்க, அவுட்புட்ல ஹெட்ஃபோன் செலக்ட் ஆயிருக்கான்னு பாருங்க. மானிட்டர் எச்டிஎம்ஐ கேபிள்ல இருந்தா பாதி நேரம் சத்தம் அங்க போய் உக்காந்துக்கும். அப்படியும் வரலைனா டிவைஸ் மேனேஜர்ல ரியல்டெக்குங்கற சவுண்ட் டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, தன்னால வந்துரும்.

தென்னந்தோப்பு:
தம்பி விண்டோஸ்ல பிரச்சினையே இல்ல, அதே ஹெட்ஃபோன் அதே ஓட்டைல நல்லா கேக்குது. உபுண்டுலதான். அதுலயும் செட்டிங்ஸ்ல சவுண்ட் போய் பாத்தாச்சு, ஹெட்ஃபோன்ஸ்னுதான் காட்டுது, டெஸ்ட் அமுக்குனா சத்தமில்ல.

சித்தூர்வாத்தியார்:
நீங்க சொன்னதுலயே பாதி பதில் இருக்குங்க. சொருகுன உடனே ஸ்பீக்கர் நிக்குதுன்னா பின் உள்ள போனது கம்ப்யூட்டருக்கு தெரியுதுன்னு அர்த்தம், விண்டோஸ்லயும் கேக்குது, அப்ப முன்னாடி ஜாக்கும் அதுக்குள்ள ஓடற ஒயரும் நல்லாத்தான் இருக்கு, யாராச்சும் கழட்டி மாத்தோணும்னா காசு குடுத்துராதீங்க. சவுண்ட் சிப்புக்குள்ள ஸ்பீக்கருக்கு ஒரு வால்யூம், ஹெட்ஃபோனுக்கு தனியா ஒரு வால்யூம். செட்டிங்ஸ்ல நாம இழுக்கறது மேல இருக்கற ஒரே ஒரு வால்யூம்தான், அடியில ஹெட்ஃபோன் மட்டும் மியூட்ல கெடந்தா அங்க தெரியவே தெரியாது. ஸ்கூல் லேப்டாப்புலயும் இத பாத்திருக்கேன்.

கன்ட்ரோல் ஆல்ட் டி மூணையும் ஒண்ணா அமுக்குனா டெர்மினல்னு கட்டளை அடிக்கற ஜன்னல் தொறக்கும். அதுல ஆல்சாமிக்ஸர்னு (alsamixer) இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையா, சின்ன எழுத்துல அடிச்சு என்டர் தட்டுங்க. மொதல்ல ஒரே ஒரு கம்பிதான் தெரியும், அத பாத்து ஏமாந்துராதீங்க, எஃப்6 அமுக்குனா கார்டு லிஸ்ட் வரும், அதுல எச்டிஏனு ஆரம்பிக்கற உங்க போர்டு சவுண்ட எடுங்க. மானிட்டர் எச்டிஎம்ஐ-ல இருந்தா அதுக்கும் தனி கார்டு காட்டலாம், அது வேண்டாம். இப்ப நெறைய கம்பி வரும். அம்புக்குறியில நகந்து ஹெட்ஃபோன்ங்கற கம்பிக்கு போங்க, அதுக்கு அடியில எம்எம்னு இருந்தா மியூட், எம் எழுத்த ஒரு தட்டு தட்டுனா 00 ஆயிரும். மேல் அம்புக்குறியில வால்யூம ஏத்திட்டு எஸ்கேப் குடுத்து வெளிய வாங்க. ஆட்டோ மியூட்னு ஒண்ணு கண்ணுல படும், அதுதான் ஸ்பீக்கர நிறுத்தறது, அத அப்படியே விட்ருங்க.

தென்னந்தோப்பு:
சார் எம்எம்தான் இருந்துச்சு!! பையன் தட்டுனான், உடனே சத்தம் வந்துருச்சுங்க. ரொம்ப ரொம்ப நன்றிங்க சார், ஊட்டுக்காரரு இதுக்குன்னு கோயமுத்தூர் தூக்கிட்டு போறதா இருந்தாரு.

தென்னந்தோப்பு:
சார் மறுபடியும் போயிருச்சுங்க. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு, காலைல அவரு விண்டோஸ்ல கணக்கு பாத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணி உபுண்டு போட்டாரு, அப்பறம் இல்ல. ஆல்சாமிக்ஸர்ல 00-தான் காட்டுது.

சித்தூர்வாத்தியார்:
இப்ப இது வேற கதைங்க. ரீஸ்டார்ட்ல கரண்ட் முழுசா நிக்காது, அதனால சில ரியல்டெக் சிப்புல விண்டோஸ் வெச்சுட்டு போன செட்டிங் அப்படியே தங்கிரும், உபுண்டு வந்து அத சரியா எழுப்ப முடியாம முழிக்கும். ஷட்டவுன் பண்ணி, சுவிட்ச் போர்டுலயும் ஆஃப் பண்ணி, ஒரு நிமிஷம் விட்டு நேரா உபுண்டுல ஏறுங்க. விண்டோஸ்ல பவர் ஆப்ஷன்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துருங்க. இப்படி ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டும் வெச்சிருக்கற டூயல் பூட்டுக்கு அது எப்பவுமே தலைவலிதான், அது இருந்தா விண்டோஸ் டிரைவுல இருக்கற ஃபைல உபுண்டுல திருத்தவும் விடாது.

தென்னந்தோப்பு:
வந்துருச்சுங்க சார். விண்டோஸ்க்கு போயிட்டு வந்தும் பாத்தாச்சு, நிக்குது. இன்னொண்ணு, இதே ஹெட்ஃபோன்ல ஆடாசிட்டிங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல பேசி ரெக்கார்டு பண்ணா ஒண்ணும் பதியல.

வேலந்தாவளம்:
மொபைல் ஹெட்ஃபோன் தானுங்க? அந்த பின்னுல மூணு கருப்பு கோடு இருக்கும், மைக்கும் சத்தமும் ஒரே பின்னுல. கம்ப்யூட்டர்ல பச்சை ஓட்டை சத்தத்துக்கு, ரோஸ் ஓட்டை மைக்குக்கு, ரெண்டும் தனித்தனி. பிரிச்சு குடுக்கற சின்ன ஒயர் பொள்ளாச்சியில செல்ஃபோன் கடையிலயே கெடைக்கும். வாங்கறப்ப பாத்து வாங்குங்க, ரெண்டு பேரு ஒண்ணா பாட்டு கேக்கறதுக்குன்னு ஒண்ணு இருக்கு, பாக்க அதே மாதிரியே இருக்கும், அதுல மைக் வேலை செய்யாது. ரெண்டு ஆண் பின் இருந்து, ஒண்ணுல மைக் படமும் ஒண்ணுல ஹெட்ஃபோன் படமும் போட்டிருக்கோணும்.

பொள்ளாச்சிப்பையன்:
நடுவுல நானும் ஒண்ணு கேட்டுக்கறேன் சார், என்ற ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல பாட்டு சூப்பரா கேக்குது, ஆன்லைன் மீட்டிங் போனா மட்டும் கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிருது. பழுதா?

சித்தூர்வாத்தியார்:
பழுதில்ல தம்பி. மைக்கையும் சேத்து எடுக்கறப்ப ப்ளூடூத் போன் பேசற மோடுக்கு மாறிரும், ஸ்டீரியோ போயி மோனோ ஆயிரும், தரமும் கொறஞ்சுரும். மீட்டிங்ல மைக்க மட்டும் லேப்டாப்போட மைக்கா மாத்தி வெச்சுக்க, காதுல பழையபடி நல்லா கேக்கும்.